டைபாய்டு போட்ட கோல்

1

உலகக் கால்பந்து வரலாற்றில் இதுநாள்வரை மறைக்கப்பட்டிருந்த மாபெரும் உண்மை ஒன்று இங்கே முதன்முறையாக வெளியிடப்படுகிறது. வாசகர்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தால் போதும்.

உண்மை இதுதான்: 1974 மார்ச்சில், திருவனந்தபுரத்தில், பெயர் சொல்ல முடியாத ஓர் அரசுத் துறையின் கால்பந்து அணி ஓர் ஆட்டத்தில் ஜெயித்தது.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை, தலையில் கட்டப்பட்டது. அந்தத் துறையில் நான் டைப்பிஸ்ட். தலைமைப் பயிற்சியாளர் தாணுவின் ஆட்ட விவரத்தை மாதாமாதம் ஐந்து பிரதிகளில் அடித்துக் கொடுத்த பாவி. ஆட்டம் முப்பத்தொன்பது, தோல்வி முப்பது, சமநிலை ஆறு, வெற்றி மூன்று.*

* மூன்றில் ஒன்று, எதிரணியின் வேன் வரும் வழியில் கழக்கூட்டம் என்ற ஊரில் நின்றுபோனதால் வந்தது. இன்னொன்றில் எதிரணி வந்தது, அவர்களுடைய பூட்ஸ் மூட்டை வரவில்லை. மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் தாணு கோபப்படுவார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

‘மைதானத்தின் ஓரத்தில், தோல்விகளின் பாரத்தைச் சுமந்தபடி, தாணு தன்னந்தனியாக...’

(வேண்டாம். தாணு எதையும் சுமக்கிறவர் அல்ல. பந்து மூட்டையைக்கூட கோல்கீப்பர்தான் சுமப்பான்.)

‘காற்றில் மழையின் வாசனை...’

(மார்ச் மாதம் ஐயா. வியர்வை வாசனைதான்.)

நேராகவே சொல்லித் தொலைக்கிறேன். தாணுவுக்கு ஒரு மெமோ வந்திருந்தது. மார்ச் முடிவதற்குள் வெற்றி பத்து சதவிகிதத்தைத் தொடாவிட்டால், அவர் தபால் பிரிவில் தம் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டும். பதினோரு வருஷம் உறைகளுக்குப் பசை தடவிய நாற்காலி. விசில் கழுத்தில் ஏறிய அன்று, “ஒனக்க மூஞ்சில இனி முழிக்கமாட்டேன்” என்று மொத்த ஆபீசும் கேட்க அந்த நாற்காலியிடம் சொல்லிவிட்டு வந்தவர். அவர் போனபின் அந்த இடத்துக்கு வேறு ஆளும் போடவில்லை. மிச்சம் இருந்ததோ ஒரே ஆட்டம். நாற்பதில் நான்கு என்றால் கச்சிதமாகப் பத்து.

3

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான் தேறினார்கள். சென்டர் ஃபார்வர்டு வன்னியராஜ் டைபாய்டில் படுத்திருந்தான். அதாவது, கோவில்பட்டியில் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறப் போயிருந்தான்.*

* எங்கள் துறையில் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, டைபாய்டுக்குக் கிடைக்கும். ஆகவே எங்கள் வீடுகளில் இரண்டும் ஒரே முகூர்த்தத்தில் வரும்.

தாணு தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் போய்க் காத்து நின்றார். மத்தியானம் வன்னியராஜ் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு இறங்கினான்.

“லே, கேறு ஆட்டோவுல. பூட்ஸ் உள்ள இருக்கு.”

“அண்ணாச்சி, எனக்கு இன்னும் அஞ்சு நாள் காய்ச்சல் பாக்கி இருக்கு.”

“ஓடினா வேர்த்து எறங்கிப் போவும். கேறுலே!”

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில், காதோரத்தில் கல்யாணச் சந்தனம் காய்ந்திருந்த அந்தத் தலை பந்தை முட்டியது. ஒன்றுக்குப் பூஜ்யம். தாணு விசிலை ஊதினார். நடுவர் அவரைக் கண்டித்தார்.

4

மறுநாள் மலையாளப் பத்திரிகை ஒன்றில் படம் வந்துவிட்டது. அந்த மெமோவைப் போட்ட சூப்பிரண்டு ராமசுப்ரமணியன் தாணுவைக் கூப்பிட்டார்.

“இந்த முதுகு யாரோடது ஓய்?”

“நம்ம டீமு ஆளு சார்.”

“ஒம்பதாம் நம்பர் போட்டிருக்கு. ஒம்பது வன்னியராஜோல்லியோ? அவனுக்கு டைபாய்டு. சர்ட்டிபிகேட் இதோ என் மேஜைல இருக்காக்கும். படுத்திண்டிருக்கறவன் எப்படி ஓய் கோல் போடுவன்?”

“விழுந்துச்சே சார். ஆளுவ எல்லாரும் கண்டாவளே!”

“ஆளுகள் கண்டா போறுமா? ஃபைல் காணண்டாமா? அவன் ஆடினான்னு எழுதிக் குடும், நாலாவது ஜெயம் உமக்கு. பொய் சர்ட்டிபிகேட்டுக்கு அவன் வேலை போகும். ஆடலைன்னு எழுதினா கோலும் இல்லை, உம்ம விசிலும் இல்லை. அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும்.”

5

இந்த இடத்தில் எனக்குத் தாணு மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர் பையனைக் காப்பாற்றிவிட்டு, தபால் பிரிவை நோக்கித் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்கள். தெரியும். உங்களை நம்பித்தான் வாரப் பத்திரிகைகள் பிழைக்கின்றன. அவரோ நேராக என் மேஜைக்கு வந்தார்.

“ஓய், நீரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகீரே...”

“அது உமக்கு எப்படித் தெரியும்?”

“தபால் செக்ஷன்ல இருந்தவனுக்கு அறியாதா? அம்புட்டும் திரும்பி வருகு. இன்னைக்கு எனக்க பேருல ஒண்ணு எழுதும். பயலுக்க வேலையும் போவப்பிடாது, எனக்க ஜெயமும் போவப்பிடாது.”

முடிவு ஒன்று: தாணு உண்மையை எழுதுகிறார். வன்னியராஜ் கண்ணீரோடு கோவில்பட்டி பஸ்...

(எனக்குக் கண்ணீர் வரவில்லை.)

முடிவு இரண்டு: சூப்பிரண்டு மனம் இளகி...

(அதற்கு அவரை முதலிலிருந்து படைக்க வேண்டும். நேரம் நாலரை.)

முடிவு மூன்று, நான் அடித்தது: எங்கள் அணி பத்துப் பேரோடு ஆடியது. எதிரணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தைத் தம் வலையிலேயே முட்டித் தள்ளினார். அவருடைய சட்டை கிழிந்துபோனதால், காய்ச்சல்காரனின் சட்டை சும்மாதானே கிடக்கிறது என்று நாங்கள் இரவல் கொடுத்திருந்தோம். படத்தில் உள்ள முதுகு அவருடையது.

கடைசி வரியை அடித்தபோது எனக்கே புல்லரித்தது. தாணு மூன்று முறை படித்தார். திருப்தி இல்லை.

“அந்த செல்ஃப் கோலு எனக்க பிளான்னு ஒரு வரி சேரும்.”

சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார். ஐந்து பிரதிகள். என் படைப்புகளில் முதன்முதலில் திரும்பி வராதது அதுதான்.

6

சூப்பிரண்டு அதை நம்பினாரா? நாற்காலி தாணுவின் மூஞ்சியைப் பார்த்ததா? இதை வாசகரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். என்னைக் கேட்காதீர்கள், என் வேலை அடிப்பது மட்டும். பத்து சதவிகிதத்தை எட்டிய மனிதனின் மகுடத்தில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அணியைக் கலைக்கும் உத்தரவு ஆட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமையே கையெழுத்தாகி, தபால் பிரிவில் ஆள் இல்லாததால் அனுப்பப்படாமல் கிடந்தது. புதன்கிழமை தாணுவே பசை தடவி அதை அனுப்பினார்.