தெரிவிக்காதவரை செல்லும்

எங்கள் அலுவலகத்தில் அந்த மனிதருக்கு வாய்தா என்று பெயர். எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவார். நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் எங்கள் மென்பொருளை எழுதியவர் அவர்தான். அதற்கு விளக்கக் கையேடு எழுதுவது என் வேலை. அதாவது, அவர் வாயைக் கிண்டுவது என் வேலை.

அன்று ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து புகார் வந்திருந்தது. மருந்துப் பெட்டியின் லேபிளைச் சர்வரில் திருத்திவிட்டார்கள். அச்சடிக்கும் கம்ப்யூட்டரோ, முன்பு எடுத்து வைத்திருந்த பழைய நகலையே அடித்துத் தள்ளியிருக்கிறது. நல்லவேளை, பெட்டிகள் கிடங்கைத் தாண்டவில்லை. மாலைக்குள் கையேட்டைத் திருத்தி அனுப்பு என்று மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

கையேட்டில் வாய்தா எழுதிக் கொடுத்த வரி இது: "ஃபைல் மாறினால் சர்வர் தெரிவிக்கும். தெரிவிக்காதவரை கையில் உள்ள நகல் செல்லும்." நானும் பத்து தடவை படித்துவிட்டேன். குற்றம் சொல்ல ஒன்றும் தெரியவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

கீபோர்டுக்குப் பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்திருந்தேன். அப்பாவுக்கு மறுநாள் இதய ஆபரேஷன். காலையில் அக்காவும் நானும் வார்டில் நின்றபோது, "ரெண்டு பேரும் எதுக்கு இங்க நிக்கிறீங்க? நீ போய் வேலையப் பாரு" என்று சிடுசிடுத்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது அவர் கொடுத்த சொத்துதான். "சரி, வேணும்னா கூப்பிடுங்க" என்று விறுவிறுவென்று படியிறங்கிவிட்டேன். அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏதாவதுன்னா நான் கூப்பிடறேன். கூப்பிடலேன்னா எல்லாம் பழையபடி இருக்குன்னு வச்சுக்கோ."

போன் அடிக்கவில்லை. எல்லாம் பழையபடி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வாய்தாவின் மேஜைக்குப் போனேன்.

"சார், சர்வர் தெரிவிக்கும்னு போட்டிருக்கீங்க. நடுவுல லைன் போயிடுச்சுன்னா?"

"தெரிவிக்க முடியாது."

"அப்போ நகல் வச்சிருக்கற கம்ப்யூட்டர் என்ன நினைச்சுக்கும்?"

"ஒண்ணும் வரல, அதனால ஒண்ணும் மாறலேன்னு."

"மாறியிருந்தா?"

வாய்தா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மழுப்பப் போகிறார் என்று அர்த்தம். "அந்தக் கம்ப்யூட்டரே அப்பப்போ சர்வரைக் கேட்டுக்கணும். பதில் வரலேன்னா நகலைத் தூக்கிப் போட்டுடணும்."

"இது கையேட்டுல எங்க இருக்கு?"

"இதக்கூடவா எழுதுவாங்க? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"லேபிள் அடிச்சவங்களுக்குத் தெரியலையே சார்."

என் இடத்துக்கு வந்து கடுப்போடு தட்டினேன். 'சர்வரிடமிருந்து செய்தி வரவில்லை என்பதால் ஃபைல் மாறவில்லை என்று கொள்ளக் கூடாது. செய்தி வர வழியில்லாமலும் போயிருக்கலாம்.'

அந்த இடத்தில் கை நின்றது. போனைப் பார்த்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு குரல். மறுபடியும் அதே குரல். வார்டு நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாய்தாவிடம் போனேன்.

"மீதிய நீங்க எழுதி அனுப்பிடுங்க சார்."

"நாளைக்கு..."

"இப்பவே."

என் முகத்தைப் பார்த்தவர் எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்ஸி ஊர்ந்தது. ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினேன். அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட உருவிவிட்டிருந்தார்கள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து, "பயப்படாதம்மா. ஆபரேஷன இன்னைக்கே வச்சுட்டாங்க. மேல கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

மேல்மாடியில், மூடிய கதவுக்கு எதிரே பெஞ்சில் அக்கா இருந்தாள். நான் வந்ததை நம்ப முடியாதவள்போலப் பார்த்தாள்.

"எப்ப உள்ள போனாரு?"

"இப்பதான்."

"ஏன்க்கா கூப்பிடல?"

"சார்ஜே இல்ல, பேசினா அணைஞ்சிடும்னு மெசேஜ் போட்டேனே. அப்பா உன்னைப் பார்க்கணும்னாரு, உடனே வான்னு."

என் போனை நீட்டினேன். அப்படி ஒன்றும் வந்திருக்கவில்லை. அனுப்பும்போதே அவள் போன் செத்திருக்க வேண்டும். அவள் அதில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள்.

"காலையில கோவிச்சுக்கிட்டுப் போனியா... நீ வராததும், வர இஷ்டமில்லன்னு நினைச்சுட்டேன்."

"அப்பா?"

"கதவு வரைக்கும் நீ வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே போனாரு. நான் என்ன பண்ணுவேன்? அவ வரலப்பான்னு சொல்லிட்டேன்."

அவள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அவள் செய்ததைத்தான் நானும் நாள் முழுக்கச் செய்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா, அவ வரல என்ற பதிலோடு மயங்கிக் கிடந்தார். அதைத் திருத்த எனக்கு வழியில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்ததும் எழுந்து ஓடினேன்.

"சிஸ்டர், அப்பா கண் முழிச்சதும் சின்னப் பொண்ணு வந்தாச்சுன்னு சொல்லுங்க."

"சொல்றேன். போய் உட்காருங்க. ஏதாவதுன்னா நாங்களே கூப்பிடுவோம்."

"இல்ல சிஸ்டர், நீங்க கூப்பிடுவீங்கன்னு உட்கார மாட்டேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ நானே வந்து கேட்பேன். திட்டினாலும் கேட்பேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். என் போனை வாங்கி, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள்.