நாலு வீட்டுக் கீரை

சிங்கப்பூரின் கிராஞ்சியில் நாலு குடும்பங்கள் கூட்டாக நடத்திய கீரைத் தோட்டத்துக்குக் கமலம்தான் பொறுப்பு. அன்று காலை கீரையை அறுத்துக் கட்டி லாரியில் ஏற்றி முடித்த நேரத்தில் போன் வந்தது. அவர்களிடம் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த சூப்பர்மார்க்கெட், இனி மலேசியாவிலிருந்து வரும் ஜொகூர்க் கீரையே போதும் என்று முடிவு செய்துவிட்டதாம்.

"இன்னிலேருந்தேவா?" என்று கேட்டாள் கமலம்.

"ஆமாங்க, இன்னிலேருந்தே."

அறுத்த கீரை யாருக்காகவும் காத்திருக்காது. கூட்டாளி வீட்டுச் சரஸ்வதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கமலமே லாரியை லிட்டில் இந்தியாவுக்கு ஓட்டினாள். சிராங்கூன் ரோட்டில் ஏறி இறங்காத கடையில்லை. எல்லா வாசலிலும் விடியும்போதே வந்திறங்கிய ஜொகூர்க் கீரை பச்சைப்பசேலென்று அடுக்கியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. "வேணாம்லா" என்பதோடு சரி.

கடைசியில் ஆமினா பீவியின் கடைக்குத்தான் போகவேண்டி வந்தது. சூப்பர்மார்க்கெட் வருவதற்கு முன்பு இவர்கள் கீரையை வாரம் தவறாமல் வாங்கியவர் அவர். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு கமலம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆமினா பீவி லாரியருகே வந்து ஈரச்சாக்கை விலக்கினார். தண்டுக்கீரை துவண்டு கிடந்தது.

"நீங்க நிறுத்தினப்போ ஜொகூர்க்காரர்தான் எனக்குக் கைகொடுத்தாரு. இப்ப அவரை எப்படிம்மா விடறது?"

"விடச் சொல்லலைக்கா. எங்களுக்குப் போக வேற இடமில்ல."

ஆமினா பீவி சாக்கை மறுபடி இழுத்து மூடினார். "வல்லாரை அவர்கிட்ட வர்றதில்ல. அதைக் கொண்டாங்க. ஒரு வீட்டு விளைச்சல் அளவுக்கு எடுத்துக்கறேன். அதுக்கு மேல என் கடை தாங்காது."

கமலம் கேட்டாள்: "நாலு வீடும் முறை வச்சுக் கொண்டாந்தா?"

"யார் கொண்டாந்தா என்ன, எனக்கு வல்லாரை வந்தா சரி."

திரும்பும் வழியில் சரஸ்வதி வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "மாசத்துக்கு ஒரு வாரம் நம்ம முறை. மத்த நாள் அடுப்பு எப்படிக்கா எரியும்?"

பிறகு அவளே கமலத்தின் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டை விட்டுடுங்க. மூணு வீடுன்னா ஏதோ கொஞ்சம் தாங்கும். அவரு கப்பல் பட்டறைக்கே திரும்பிப் போகட்டும்."

அந்தப் பட்டறைப் புகையில் மூச்சு முட்டித்தான் அவள் புருஷன் தோட்டத்துக்கு வந்திருந்தான். அது கமலத்துக்கும் தெரியும். போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆனால் இருப்பதை மூன்றாகப் பங்கு போட்டால் தன் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று மனசு அதற்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அது தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

தோட்டத்தில் கீரையெல்லாம் உரக்குழிக்குப் போயிற்று. சரஸ்வதி கடைசிக் கட்டுவரை நின்று இறக்கிக் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, புருஷனிடம் சொல்ல நடந்தாள். கமலம் கூப்பிடவில்லை.