பதினாறாவது ஆள்

பதினாறு பேர் பஸ்ஸில் போனோம். அருவியடியில் வழிகாட்டி ஆட்களை எண்ணி முடித்தபோது அவன் கையிலிருந்த எண்ணும் கருவி பதினாறு என்று காட்டியது. நாற்பது நிமிடம் கழித்துத் துறைமுகத்தில் இறங்கியபோது பதினைந்து பேர்தான் இருந்தோம். இடையில் பஸ் ஒரேயொரு தடவை, ஒரு மலை வளைவில், நின்றது. குறைந்த ஆள் என் அக்காவின் கணவர், கிளிபோட் அத்தான். மறுநாள் காலை அவருடைய உடல் அருவிக்குக் கீழே கற்களுக்கிடையில் கிடந்தது. வளைவில் இறங்கியிருந்தால் அவ்வளவு தூரம் ஏறித் திரும்பியிருக்க அவருடைய முழங்கால் விட்டிருக்காது. அருவியடியில் ஏறவேயில்லை என்றால் கருவி பதினைந்து என்றுதான் காட்டியிருக்க வேண்டும்.

பத்து மாதமாக எனக்கு இது விளங்கவில்லை.

முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன். அது உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையான சாமான். பெருவிரலால் அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் வரும். உள்ளே பத்துப் பல் வைத்த சிறு சக்கரங்கள் நான்கு இருக்கின்றன. ஓர் அழுத்தத்துக்கு ஒரு பல் நகரும். முதல் சக்கரம் ஒரு சுற்று முடித்தால் அடுத்ததை ஒரு பல் தள்ளிவிடும். பின்னால் உருளாதபடி ஒரு சிறு நாக்கு தடுத்துக்கொண்டிருக்கும். அரைகுறையாக அழுத்தினால் ஒன்றுமே நகராது. அதே மாதிரி ஒன்றை வாங்கி, இரண்டாயிரம் தடவை அழுத்திப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை.

"செபமாலை உருட்டுற மாதிரிக் கிடக்கு," என்றாள் என் மனைவி ஷரோன். "அதைச் சொன்னாலாவது அத்தான்ர ஆத்துமாவுக்குப் புண்ணியம்."

அக்கா பேர்ணடெற்றுக்கும் அத்தானுக்கும் கலியாணமாகி நாற்பது வருடம் நிறைந்ததற்காக அவர்களுடைய மகள் நிலக்சி அந்தக் கப்பல் பயணத்தை ஒழுங்கு செய்திருந்தாள். குடும்பமாக ஒன்பது பேர். கூட்டத்தில் ஒருவரும் தொலைந்துபோகக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மஞ்சள் ரீசேட் அடித்து, ஒரே மஞ்சள் தொப்பியும் வாங்கித் தந்தாள். நெஞ்சில் 'கிளிபோட் – பேர்ணடெற் 40' என்று எழுதியிருந்தது. கப்பல் கரிபியன் தீவான கிரனாடாவில் ஏழு மணித்தியாலம் நின்றது. மூன்று மணித்தியாலத்தில் தீவைச் சுற்றிக் காட்டும் பயணம் ஒன்றில் ஏறினோம். வேறு ஏழு பயணிகளும் எங்களோடு வந்தார்கள்.

அந்த பஸ்ஸுக்குக் கதவு இல்லை. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். மேலே கூரை, உள்ளே குறுக்காக, ஆட்கள் வரிசையாக இருக்க, ஐந்து நீள வாங்குகள். எந்த வாங்குக்கும் எந்தப் பக்கத்தாலும் ஏறலாம், இறங்கலாம். அத்தான் காலையிலிருந்தே கடைசி வாங்கில் இருந்தார். அங்கேதான் படி பதிவாக, அவருடைய முழங்காலுக்கு இலேசாக இருந்தது. நான் முன் வாங்கில், சாரதிக்குப் பின்னால் இருந்தேன். இறக்கத்தில் பாரமான வண்டியை பிரேக்கால் மட்டும் பிடித்தால் பிரேக் சூடாகி வலு இழந்துவிடும். சின்னக் கியரில் போட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்தச் சாரதி அதை எப்படிச் செய்கிறான் என்று பார்ப்பதுதான் எனக்குத் தீவைப் பார்ப்பதைவிட முக்கியமாக இருந்தது. நிறுத்துகிற இடமெல்லாம் இறங்கி பஸ்ஸுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன்.

வழிகாட்டியின் பெயர் மாக்கஸ். நல்ல பிள்ளை. சாதிக்காய்த் தோட்டத்தில் ஒரு காயைப் பிளந்து, கொட்டையைச் சுற்றியிருந்த சிவப்பு வலையை விரலால் தூக்கிக் காட்டினான். எரிமலை வாயில் தேங்கிய ஏரியைக் காட்டினான். ஒவ்வொரு இடத்திலும் புறப்படுமுன் கருவியை அழுத்தி எண்ணினான். ஒவ்வொரு தடவையும் அத்தான் அவனிடம் ஒன்றையே சொன்னார்.

"நானும் பஸ் ஓடினவன். ரொறொன்ரோவில இருபத்தாறு வருசம், லோறன்ஸ் கிழக்கு. ஒருநாளும் ஒருத்தரையும் விட்டிட்டு வந்ததில்லை."

சொன்னதைத் திரும்பச் சொல்லும் பழக்கம் அவருக்கு ஒரு வருடமாக இருந்தது. மாக்கஸ் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தான். அருவியடியில் மூன்றாம் தடவை சொன்னபோது அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"மூண்டாம் தரம்! அந்தப் பிள்ளைக்கும் விசர் பிடிக்கப்போகுது. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

எல்லோரும் கேட்டோம். அத்தான் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், கழிப்பறைப் பக்கம் நடந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது வாங்கில் ஷரோனுக்கும் நிலக்சிக்கும் நடுவில் போய் இருந்தாள்.

பிறகு மாக்கஸ் எண்ணினான். பஸ் இறங்கத் தொடங்கியது. பாதி வழியில், ஒரு வளைவில், பிரேக் கருகும் மணம் வந்து சாரதி ஐந்து நிமிடம் நிறுத்தினான். நான் இறங்கிப் பின் சக்கரத்தைப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. பார்த்துவிட்டுக் கடைசி வாங்கில் ஏறினேன். அத்தானின் இடம் வெறுமையாக இருந்தது. அக்காவோடு சமாதானமாகி முன்னுக்குப் போய்விட்டார் என்று எண்ணி மகிழ்ந்தேன். கப்பலடியில் அட்டையைத் தட்டி உள்ளே போகும்போதுதான் அவருடைய அட்டை வரவில்லை என்று தெரிந்தது. மாக்கஸ் கருவியை எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே நீட்டிப் பதினாறு, பதினாறு என்று காட்டிக்கொண்டே நின்றான்.

வளைவில் கண்டதை நான் பொலிஸுக்கு அப்படியே சொன்னேன். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது: எண்ணும்போது பயணி வாகனத்தில் இருந்திருக்கிறார், எண்ணி முடித்துப் புறப்படுவதற்கு இடையில் தானாகவே இறங்கிச் சென்றிருக்கிறார்.

தானாகவே. அந்தச் சொல்லை அக்கா விடவேயில்லை. ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில் இருக்கும் அவளுடைய வீட்டுக்கு ஞாயிறு தோறும் பூசை முடிந்து போவேன். சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதம் உப்புச் சாடிக்குக் கீழே கிடக்கும்.

"என்னோட கோவிச்சுக்கொண்டுதானேடா இறங்கினவர். நாப்பது வருசத்தில அந்த மனுசன் என்னை விட்டிட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போனதில்லை."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா."

"வேற எப்பிடிச் சொல்லுறது? நீ சொல்லு. நீதானே எல்லாம் தெரிஞ்சவன்."

என்னிடம் இருந்த ஒரே சாட்சி, அருவியடியில் எண்ணும்போது நிலக்சி தன் போனில் எடுத்த நாற்பத்து மூன்று விநாடி வீடியோ. படத்தில் ஒரு குரங்கு வேலியில் இருந்து வாழைப்பழம் உரிக்கிறது. நாங்கள் ஒருவரும் அதில் இல்லை. சத்தம் மட்டும் இருக்கிறது. பெண்கள் சிரிக்கிறார்கள். பின்னால் கிளிக் கேட்கிறது: முன் வாங்குக்கு நான்கு, பிறகு மூன்று, மூன்று, மூன்று, கடைசி வாங்குக்கு மூன்று. மொத்தம் பதினாறு. பத்தாவது கிளிக்குக்கும் பதினோராவதுக்கும் நடுவில் யாரோ இரும்பில் தட்டும் சத்தம். இரண்டு கெதியாக, ஒன்று தாமதமாக.

"உது அவர்தான்," என்பாள் அக்கா. "பின்னுக்கு இருந்து கம்பியில தட்டுறார். கோவம் வந்தா உப்பிடித்தான் எதிலையாவது தட்டுவார்." அவருடைய கடைசிச் சத்தம் அது என்று போனைக் காதோடு வைத்துக் கேட்பாள். பூசைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை.

கடைசி வாங்கில் இருந்த மற்ற இருவரும் வின்னிப்பெக் தம்பதிகள். அவர்களுடைய மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து எழுதினேன். மஞ்சள் ரீசேட்டும் மஞ்சள் தொப்பியும் போட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்றும், தாங்கள் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முகம் நினைவில்லை என்றும், மிகவும் வருந்துவதாகவும் பதில் வந்தது. பத்தாவது மாதத்தில் நான் மேசையில் தீப்பெட்டிகளை வாங்குகளாக அடுக்கி, ஷரோனையும் விசாரித்தேன்.

"நான் எங்க இருந்தனான் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"ஆர் கண்டது? அந்தக் குரங்கைவிட நீங்கள்தான் கூடத் தாவினீங்கள்."

போன செவ்வாய்க்கிழமை பகல், வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ற் திருத்திக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. வெளியே பனி தூறி, பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். லிஃப்ற் கதவின் தகட்டில் ஆணி இளகியிருக்கிறதா என்று அறிய நான் கல்யாண மோதிரத்தால் தட்டிப் பார்ப்பேன். இறுகியிருந்தால் சத்தம் உடனே அடங்கும், இளகியிருந்தால் அதிர்வு கொஞ்சம் நீளும். தட்டினேன். பின்னால் மரக்கறிப் பையோடு ஜெயரட்ணம் அங்கிள் நின்றார். ஏழாம் மாடிக்காரர்.

"தம்பி, தட்டத் திறக்கிறதுக்கு உது என்ன மோட்ச வாசலோ?"

"பத்து நிமிசம் அங்கிள். ஆள் கூட ஏறித்தான் இது நிண்டது."

"எத்தினை பேர் ஏறினவை எண்டு உதுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆளை எண்ணாது அங்கிள். நிறையை மட்டும்தான் பாக்கும். நாலு பேரும் ஒண்டு, நாலு மூட்டை அரிசியும் ஒண்டு."

"அப்ப அது உம்மைவிடக் கெட்டிக்காரன். நான் சத்தத்தை மட்டும்தான் பாக்கிறனான். ரெண்டு கெதியா, பிறகு ஒண்டு ஆறுதலா. எந்த மாசம் வந்தாலும் உம்மட தட்டு மாறாது. வீட்டுக்குள்ள இருந்தே மனுசிக்குச் சொல்லுவன், றெமிஜியஸ் வந்திட்டான், இண்டைக்கும் எங்களுக்குப் படிதான் எண்டு."

நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தினேன். மறுபடி கதவில் தட்டினேன். இரண்டு கெதியாக, ஒன்று தாமதமாக.

வளைவில் பின் சக்கரம் சுட்டது. கை வைக்கவில்லை, தட்டவுமில்லை. ஆனால் ஈரமாக, குளிராக இருந்த ஒரு சக்கர இரும்பில் என் மோதிரம் பட்ட ஞாபகம் இருந்தது. அருவித் தூறலில் நின்ற பஸ்ஸின் சக்கரம்தான் அப்படி இருந்திருக்கும். அப்படியென்றால் நான் அந்தச் சக்கரத்தடிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவையை, இரண்டாவதின் கருகல் மணம் மூடிவிட்டது. வளைவில் நான் இறங்கியது முன் வாங்கிலிருந்து அல்ல. வெறுமையாகக் கண்ட இடம், நானே எழும்பிப் போன இடம்.

ஜெயரட்ணம் அங்கிள் இரண்டு தரம் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் நேரே பிக்கரிங்குக்கு ஓட்டினேன். அக்காவின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் உள்ளேயே இருந்தேன். சொன்னால் அந்தத் தட்டும் சத்தத்தை அவளிடமிருந்து எடுத்துவிடுவேன். எண்ணிக்கை பதினைந்து என்று வந்திருந்தால் அந்த நிமிடமே தேடியிருப்பார்கள், ஒருவேளை உயிரோடும் எடுத்திருப்பார்கள் என்பதும் அவளுக்கு விளங்கும். அதற்குப் பிறகு நான் அவளுக்குத் தம்பியாக இருப்பேனோ தெரியாது. சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை, கணவன் தன்னை விட்டிட்டு இறங்கிப் போனார் என்றே இருப்பாள்.

கதவைத் திறந்தவள் என் வேலை உடுப்பைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமையில என்னடா? ஷரோனுக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லை அக்கா. அந்த வீடியோவை ஒருக்காப் போடுங்கோ."

"உனக்கு உது மனப்பாடமெல்லோ."

போட்டாள். குரங்கு பழத்தை உரித்தது. பெண்கள் சிரித்தார்கள். பத்தாவது கிளிக் முடிந்து அந்தத் தட்டு வந்ததும் போனை நிறுத்தச் சொன்னேன். குசினித் தொட்டியின் இரும்பு விளிம்பில் மோதிரத்தால் தட்டினேன்.

அக்கா என் மோதிரத்தைப் பார்த்தாள்.

"திருப்பித் தட்டு."

தட்டினேன். அவள் வீடியோவைப் பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். பிறகு போனைக் குப்புற வைத்தாள்.

"அப்ப இது அவரில்லை."

"இல்லை அக்கா. நான்."

அவள் கதிரையில் இருந்தாள்.

"கோவிச்சுக்கொண்டு இறங்கினவர் எண்டெல்லோ எழுதியிருக்கு," என்றாள், கடிதத்தைத் தொடாமல். "எண்ணினது பதினாறெல்லோ. விளங்கிற மாதிரிச் சொல்லு."

உப்புச் சாடியைத் தூக்கி, கடிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஐந்து கோடு கீறினேன். என் விரல் முன் கோட்டிலிருந்து பின் கோடு வரை போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாக்கஸ் முன் வாங்கில தொடங்கினவன். என்னை எண்ணினவன். அவன் இடப்பக்கத்தால பின்னுக்கு நடக்க, நான் வலப்பக்கத்தால இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தட்டிப் பாத்திட்டு, அத்தான்ர இடத்தில ஏறி இருந்தன். அதே மஞ்சள் ரீசேட், அதே தொப்பி. அவன் என்னைத் திரும்பவும் எண்ணினவன். பதினாறாவது ஆள் நான்தான் அக்கா. அத்தான் இறங்கிப் போகேல்லை. அவர் பஸ்ஸில ஏறவேயில்லை."