இஸ்கந்தர் நேர்ந்த அங்கி

என் உயிருக்கு ஈடாக என் கணவன் இஸ்கந்தர் நேர்ந்துகொண்டது என் உடுப்பை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லைதான்; ஆஸி ஆற்றுக்குள் தலைகீழாகக் கிடந்தேன்.

விடுமுறைக்கு ஹெர்மல் ஊருக்குப் போய் ஆற்றில் ரப்பர் படகு ஓட்டலாம் என்பது அவன் யோசனை. ஜூலை வெயிலிலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். ஒரு சின்ன அருவியில் படகு கவிழ்ந்தது. அவனை ஆறு கரையிலேயே ஒதுக்கிவிட்டது. என் கால் மட்டும் அடியில் ஏதோ மரத்தின் வேரில் மாட்டிக்கொண்டது. படகோட்டி ஹைதர் "யா அலி!" என்று கத்திக்கொண்டு குதித்து, வேரை விலக்கி, என்னை இழுத்துக் கரையில் போட்டான். கணுக்கால் முறிவு, விலாவில் கீறல். அவ்வளவோடு தப்பித்தேன்.

ஹைதரின் வீட்டுக்குத் தட்டு நிறைய பக்லாவா இனிப்பு அனுப்பினேன். கட்டுப் போட்ட டாக்டருக்கும் நன்றி சொன்னேன். மேலே இருப்பவருக்கு மட்டும் சொல்ல வாய் வரவில்லை. என்னை ஏன் அங்கே மாட்டவைத்தார் என்ற கோபம் குறுக்கே நின்றது.

வீடு திரும்பிய வாரம் என் மாமியார் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் பழுப்பு நிற அங்கி, இடுப்புக்கு வெள்ளைக் கயிறு. எங்கள் புனிதர் மார் அந்தோனியாரின் அங்கி.

"உன் அளவுக்குத்தான் தச்சிருக்கேன் மகளே. மாதா திருநாள் வரைக்கும் போட்டுக்கணும்."

"எதுக்கு அத்தை?"

"உன் புருஷன் நேர்ந்திருக்கான்ல!"

எங்கள் ஊரான ஸாஹ்லேயில் நோய்ப்பட்ட குழந்தைக்குத் தாய் இப்படி நேர்ந்துகொள்வதும், பிழைத்த குழந்தை குட்டித் துறவிபோல அங்கியில் திரிவதும் சாதாரணம். இஸ்கந்தரே கக்குவான் இருமலிலிருந்து பிழைத்து அப்படித் திரிந்தவன்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே நேர்த்திக்கடன் அது. கரையில் மண்டியிட்டு, நான் ஏதோ மூன்று வயதுப் பாப்பா என்பதுபோல, "இவளைக் குடுத்துடு, உன் அங்கியைப் போட்டு நடக்க வைக்கிறேன்" என்று கத்தியிருக்கிறான்.

"என் மருந்துக் கடையில நான் இதைப் போட்டுக்கிட்டு நிக்கணுமா?" என்றேன் இஸ்கந்தரிடம்.

"உனக்குப் பழுப்பு எடுப்பாத்தான் இருக்கும்," என்றான்.

"அப்ப நீ போடு."

"நானா? ஓட்டுநர் பள்ளி நடத்துறவன் நான். இதோட போனா யாரு வண்டியில ஏறுவா?"

அவனுக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை வேண்டும், மேல் பொத்தான்கள் திறந்திருக்க வேண்டும், தங்கச் சங்கிலி தெரிய வேண்டும். அத்தர் வாசனை அவனுக்கு முன்பே தெருமுனை திரும்பிவிடும்.

வழக்கு எங்கள் பங்குச் சாமியார் அபூனா தானியேலிடம் போனது. அவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"குழந்தைக்காகப் பெத்தவங்க நேர்ந்துக்கலாம். வாயுள்ள பொம்பளைக்கு நீ எப்படிப்பா நேர்ந்துக்குவ?"

"இவளுக்கு வாய் இருக்கிறது அந்தோனியாருக்கே தெரியும், அபூனா."

"உன் பொண்டாட்டி நஜ்லாவை இது கட்டுப்படுத்தாது. நேர்ந்தவன் நீ, நீதான் தீர்க்கணும். முடியலன்னா நேர்த்தியை மாத்தித் தர்றேன். ஏழைங்களுக்கு நாலு மூட்டை மாவு வாங்கிக் குடு, போதும்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே இஸ்கந்தர் பணப்பையை எடுத்துவிட்டான். அந்த வேகம்தான் என்னைச் சுட்டது. கூழாங்கல்லில் முட்டி தேய அவன் கதறினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லையே. நான் பார்த்தது இந்தப் பணப்பையைத்தான். கரையில் கதறிய அந்த மனிதன் நிஜமா, இல்லை பயத்தில் உளறியவனா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"மாவு குடு, நல்லா குடு," என்றேன். "ஆனா எனக்காக நீ வேண்டிக்கிட்ட கதையை இனிமே எங்கிட்ட சொல்லாத."

வண்டியில் திரும்பும்போது அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப எதைக் குடுக்கலாம்னு தேடினேன் நஜ்லா," என்றான். "எங்கிட்ட இருந்தது நீ மட்டும்தான். நீயும் தண்ணிக்குள்ள இருந்த."

விட்டுக்கொடுக்க மனமில்லை. "பேச்சுக்கு என்ன குறைச்சல்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை, அவன் எழுவதற்கு முன்பே, ஊன்றுகோலோடு முதல் தடவையாக என் கடைக்குப் போனேன். இஸ்கந்தரின் ஓட்டுநர் பள்ளி எதிர்வரிசையில்தான். அவன் வண்டியிலிருந்து இறங்கியபோது கையிலிருந்த மாத்திரை அட்டையைத் தவறவிட்டேன்.

அங்கி போட்டிருந்தான். என் அளவுக்குத் தைத்தது, அவனுக்குக் கெண்டைக்கால் வரைதான் வந்தது. தோள்பட்டைத் தையல் விட்டுவிடும்போல இருந்தது. சங்கிலி இல்லை, அத்தரும் இல்லை. இடுப்பில் வெள்ளைக் கயிறு.

வண்டியருகே காத்திருந்த ரனீம் என்ற பெண், மூன்று முறை தேர்வில் தோற்றவள், அவனைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "சார், நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

தெருவே சிரித்தது. கறிக்கடைக்காரன் நிமிர் தன் கடை வாசலுக்கு வந்துவிட்டான். "அபூனா இஸ்கந்தர்! பாவமன்னிப்பு கேட்க வரலாமா? என்னோடது கொஞ்சம் நீளம், நாற்காலி போட்டுக்கோ!"

இஸ்கந்தர் திருப்பிக் கொடுப்பான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும்தான். அவன் நாக்குக்கு நிமிர் எம்மாத்திரம்? ஒரு சிரிப்பில் இதையும் அவன் விளையாட்டாக்கிவிடுவான் என்று பயந்தேன்.

"அன்னைக்கு நஜ்லா தண்ணிக்குள்ள இருந்தா, நிமிர்," என்றான். "கேட்டேன். குடுத்தாரு."

அவ்வளவுதான் சொன்னான், தெரு முழுக்கக் கேட்கும்படி. வெட்கமும் இல்லை, விளையாட்டும் இல்லை. நிமிரின் சிரிப்பு நின்றது. கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து வந்து, அங்கியின் ஓரத்தைத் தொட்டு முத்தமிட்டான். ரனீமும் முத்தமிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அப்போதுதான் உடம்பெல்லாம் உறைத்தது. வெயில், கறிக்கடை, ஊன்றுகோல் உறுத்தும் அக்குள், எல்லாமே எனக்குத் திரும்பக் கிடைத்தவை. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. இத்தனை நாளும் வராத நன்றி நெஞ்சு முட்ட வந்து நின்றது.

ஊன்றுகோலை ஊன்றித் தெருவைக் கடந்தேன். கார்கள் நின்று வழிவிட்டன. என்னைப் பார்த்ததும் இஸ்கந்தர் பதறினான்.

"இந்தக் காலோட எங்க வர்ற?"

ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தேன். விலா வலித்தது. அங்கியின் ஓரத்தைக் கையில் எடுத்தேன்.

"ஏய், நீ எதுக்குடி எனக்குப் போய்..."

"உனக்கில்ல," என்றேன். "ஆடாம நில்லு."