கோல் விழுந்தால் வலிக்காது

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. மெக்சிகோவின் குவாதலஹாராவில் என் கீழ்வீட்டு யூரிதியா, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொன்னது. சுட்டுவிட்டேன்.

முதல் வரி: ‘மனிதகுல வலியின் வரலாறு தண்டுவடத்தின் இருளில்…’ (வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

யூரிதியா ஆய்வு மாணவி. அட்ரீனலின் வகை மருந்து ஒன்றை எலியின் தண்டுவடத்தில் செலுத்தி, வலிச்செய்தியைக் கடத்தும் ரசாயனம் அங்கே சுரப்பது குறைகிறதா என்று அளப்பது வேலை. குறைந்தது. பேராசிரியர் எவரார்தோ பரிசு வாங்கப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். (மிகையில்லை. சட்டையைப் பார்த்தேன்.)

நாளை, திங்கட்கிழமை, நோயாளிகளுக்குப் போடப்போகிறார்கள். முதல் ஆள் அவள் அப்பா தோன் ரெஃபுஹியோ. கணையத்தில் புற்று. மகள் கண்டுபிடித்த மருந்தாயிற்றே என்று தானே கேட்டு வாங்கிய இடம். அதற்காக மார்ஃபினை நிறுத்தவேண்டும்.

3

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஆய்வகத்தில் பெரிய டி.வி. இருந்ததால் கால்பந்து மேட்ச் நாளில்தான் எல்லோரும் தவறாமல் வருவார்கள். எனவே மருந்து ஊசி அன்றைக்கு. வெறும் உப்புநீர் ஊசி மற்ற நாள்களில். கோல் விழுந்தால் கட்டடமே அதிரும். அரண்ட எலியின் உடம்பு தானே அந்த அட்ரீனலின் வகைச் சரக்கைத் தண்டுவடத்தில் இறக்கி வலியை அடக்கியிருக்கிறது.

அமைதியான நாளில் மருந்தைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை.

“டாக்டர், மருந்து வேலை செய்யல. நாம கத்துனதுதான் வேலை செஞ்சிருக்கு.”

“அப்ப திங்கக்கிழமை மேட்ச் இருக்கான்னு பாரும்மா,” என்றார் எவரார்தோ.

4

(மனிதரை இப்படிக் கோமாளியாக்கலாமா என்று, அவரை நல்லவராக்கி ஒரு பத்தி எழுதினேன். அதில் அவர் மனம் கலங்கி… சே, ஒட்டவில்லை.)

“வேணாம்ப்பா. மார்ஃபினை விட்றாதீங்க. இது பச்சத்தண்ணி.”

“வெளிய சொன்னா உன் பட்டம்?”

“போயிரும்.”

“அட போடி. இத்தனை வருஷம் எலியோட குடித்தனம் பண்ணிட்டு? வலியே இல்லன்னு சொல்லிட்டுப் போறேன். உங்கம்மா சமையலை முப்பது வருஷம் பாராட்டுனவன்டி நான், எனக்கா நடிக்கத் தெரியாது?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

5

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள், பட்டம் போகிறது. அப்பா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்.

முடிவு ஆ: அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். சட்டைக்குப் பரிசு கிடைக்கிறது.

ஆ-வைத்தான் எழுத உட்கார்ந்தேன், நெஞ்சைத் தொடும் என்று. பாதியில் நின்றுவிட்டது. அப்பாவுக்கு வலி போயிற்று என்றால், அடுத்த கட்டில்காரருக்கும் மார்ஃபினை நிறுத்துவார்கள். அவருக்கு யார் மேலும் பாசம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் கத்துவார்.

“நீங்கதான் கதை எழுதுறவராச்சே, என்ன செய்யட்டும் சொல்லுங்க,” என்று யூரிதியா துணிக்கூடையோடு நிற்கிறாள். வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு ஊசி.