பட்டன் டப்பாவில் கிடந்த பேட்ஜ்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. பூனா பக்கம் வாகட்டில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்காரி இன்று காலை ஒரு பழைய பேட்ஜைக் கொண்டுவந்து காட்டினாள். நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன பெண்கள் நெஞ்சில் குத்திக்கொண்டது. ‘அழகா இருக்கு’ என்றேன். ஏதோ கேட்டாள். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம் காப்பிகூட இறங்கவில்லை.

எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எழுதினால் அசிங்கம். அதனால் ஜான்சி என்று ஒருத்தியை உண்டாக்கி, என் நெருப்பை அவள் மடியில் கட்டிவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

2

ஆரம்பம் ஒன்று: பவனா ஆற்றின் மேல் காலைப் பனி மெல்ல –

(வேண்டாம். ஜான்சி ஆற்றைப் பார்க்கிற ஆளில்லை.)

ஆரம்பம் இரண்டு: சிஞ்ச்வட்டில் ஜான்சியின் ஹாலுக்குள் நுழைந்தால் டிவிக்கும் முந்திக் கண்ணில் படுவது கண்ணாடிச் சட்டங்கள்தான். ஓட்டுக்காக ஜெயிலுக்குப் போன பெண்களின் போஸ்ட்கார்டுகள். தோளில் குறுக்கே போடும் ஒரு பட்டுப் பட்டை. அவர்களைக் கேலி செய்து படம் போட்ட பீங்கான் தட்டு ஒன்று. எல்லாம் வருஷக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்தவை. பேட்ஜ் மட்டும் இல்லை. ஊதா, வெள்ளை, பச்சையில் ‘பெண்களுக்கு ஓட்டு’ என்று இங்கிலீஷில் போட்டிருக்குமே, அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் லோக்கல் ட்ரெயினைப் பிடித்து ஜூனா பஜாருக்குப் போய், பழைய சாமான் குவியலை எல்லாம் கிளறிவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள்.

இதுவே இருக்கட்டும்.

3

கிடைத்தது சஃபியாவுக்கு.

சஃபியா கசார்வாடியில் தையல்கடை வைத்திருக்கிறாள். ஜான்சிக்கு ஜாக்கெட் தைப்பவள். ஜூனா பஜாரில் ஒரு டப்பா பழைய பட்டனை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குள் கிடந்தது பேட்ஜ்.*

(*லண்டன் பேட்ஜ் பூனாவுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கன்டோன்மென்ட் பங்களாவில் இருந்த ஒரு துரைசானி கொண்டுவந்திருக்கலாம். எனக்கும் தெரியாது.)

“நீங்க அளவு குடுக்க வரும்போதெல்லாம் சொல்வீங்களேக்கா, அதான் அடையாளம் தெரிஞ்சுச்சு. இல்லாட்டி குப்பையில போட்டிருப்பேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஜான்சிக்குத் தன் நாக்கையே கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

“எனக்குக் குடுத்திரு சஃபியா. என்ன வேணுமோ கேளு.”

“வேற எதுன்னாலும் கேளுங்கக்கா, தர்றேன். இத்தனை வருஷமா என் பேரு சொந்த ஊர் ஓட்டர் லிஸ்ட்லயே கிடந்துச்சு. இப்பத்தான் இங்க மாத்தியிருக்காங்க. மாநகராட்சி எலெக்‌ஷனுக்கு இதைக் குத்திக்கிட்டுத்தான் போவேன். உங்களுக்கு எந்த பூத்துக்கா?”

ஜான்சி தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(ஓட்டுப்போடும் நாளில் அவள் குடும்பத்தோடு லோனாவாலா மலைக்குப் போய்விடுவாள். லீவு நாள் ஆயிற்றே. இதை முன்னாடியே எழுதியிருந்தேன். அவள்தான் வெட்டிவிடச் சொன்னாள்.)

4

அவளை நல்லவளாக்கப் பார்த்தேன். ‘சந்தோஷம் சஃபியா, என்று ஜான்சி மனதார –’

மனதாரவாம். யார் நம்புவார்கள்? வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது அவளுக்கு. ஊசியும் நூலுமாய்க் கிடக்கிறவளுக்கு ஒரே டப்பாவில் அதிர்ஷ்டம். தனக்கோ கண்ணாடியும் தூசியும். பேட்ஜ் போனால்கூடப் பரவாயில்லை. அதைக் குத்திக்கொண்டு போய் நிற்க சஃபியாவுக்கு ஒரு க்யூ இருக்கிறது என்பதுதான் தாங்கவில்லை. தனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லாமல் போகட்டும் என்று ஜான்சி நினைத்தாள். நினைத்தாள் என்றே எழுதுகிறேன்.

5

சஃபியா பேட்ஜைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் துரு.

“பித்தளைச் சாமான் மாதிரிதானேக்கா? புளி போட்டுத் தேச்சா ஏக்தம் பளபளன்னு ஆயிரும்ல? உங்களைக் கேக்காமத் தொடக்கூடாதுன்னு வெச்சிருக்கேன்.”

ஆகாது. அது தகரம். மேலே மெல்லிசாக செல்லுலாய்டு, அதற்கடியில் அச்சடித்த காகிதம். ஓரத்தில் புளித்தண்ணி இறங்கினால் ஊதாவும் பச்சையும் கலங்கி, வெறும் கறைதான் மிஞ்சும். இது ஜான்சிக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

முடிவு ஒன்று: ஜான்சி தடுக்கிறாள். இருவரும் கைகோத்துக்கொண்டு ஓட்டுப்போட – (ஸ்கூல் ஆண்டுவிழா நாடகம். அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: ஜான்சி ‘ம்’ என்கிறாள். அவ்வளவுதான். பொய்யும் இல்லை, சத்தியமும் இல்லை. கதை கேட்கும்போது சும்மா கொட்டுவோமே, அந்த ‘ம்’.

6

மூன்றாவது முடிவை உங்களிடம் விடுகிறேன். இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கெல்லாம் நீங்களும் ‘ம்’ கொட்டிக்கொண்டுதானே வந்தீர்கள். ஜான்சியின் எரிச்சலைக் கொஞ்சம் ரசிக்கவும் செய்தீர்கள். இனிமேல் கொட்டாதீர்கள். சஃபியா கிண்ணத்தில் புளியை ஊறப்போட்டுவிட்டு ஜான்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘ம்’ என்றால் போச்சு. பேசாமல் இருந்தாலும் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று சொன்னால்தான் உண்டு.

எதிர் ஃபிளாட்டுக்காரி இன்று காலை என்னிடம் என்ன கேட்டாள் என்று நான் இன்னும் சொல்லவில்லை. புளி போட்டுத் தேய்க்கலாமா என்றுதான் கேட்டாள். யோசிச்சுச் சொல்றேன் என்று வந்தவள்தான், உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எதிர் ஃபிளாட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது.