அண்ணியின் பெயரில் சேமித்தவை

மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்ததில் தொடங்கியது.

காட்டிலிருந்து வந்த அப்பா ஒரு நுனிக்கொழுந்தை என் லேப்டாப் பக்கத்தில் வைத்தார். இலைகள் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாக இருந்தன. இடுக்கில் வெள்ளை மாவு.

"இதப் பத்தி ஏதோ எடுத்து வெச்சிருக்கன்னு சொன்னியே, அத போனுக்கு அனுப்பு. மருந்துக்கடைக்காரரு தெனம் ஒரு பாட்டிலு காட்டறாரு."

எடுத்து வைத்திருந்தேன். என் உலாவியில் ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. ஏதாவது கட்டுரை படிக்கும்போது மேல் மூலையில் உள்ள பச்சைப் பொத்தானைத் தொட்டால், விளம்பரமெல்லாம் கழிந்து எழுத்து மட்டும் ஓரிடத்தில் போய்ச் சேரும். எந்தப் பெயரின் கீழ் வைக்க வேண்டும் என்று கேட்கும். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தபோது பழகியது. அப்போது 'மரபியல்', 'பூச்சியியல்' என்று பெயர் கொடுத்தேன். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, அடுத்த தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த பிறகு பெயர்கள் மாறிவிட்டன. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான்.

எனக்குப் பேச வராது. அப்பா மூன்றாவது முறையாக ஊறுகாய்க்குக் கை நீட்டுவதைப் பார்ப்பேன். வேண்டாம் என்று வாய் வராது. பிறகு போய் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் பற்றி ஒரு கட்டுரையை அவர் பெயரில் சேமித்து வைப்பேன். சொல்லிவிட்ட மாதிரி இருக்கும்.

பகிர்வதற்கான இணைப்பை எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குழுவில் நாங்கள் ஐந்து பேர்தான். அப்பாவுக்கு இணைப்பைத் திறக்கத் தெரியாது. அண்ணிதான் எப்போதும் திறந்து காட்டுவாள். 'அப்பா' என்ற பெயருக்குள் போய், அங்கிருந்து பகிர்ந்திருக்க வேண்டும். நான் அவசரத்தில் முதல் பக்கத்திலிருந்தே பகிர்ந்துவிட்டேன். அது தெரியாமல் கள்ளக்குறிச்சி நூலகத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே போனை அணைத்து வைப்பது வழக்கம்.

திரும்பி வந்தபோது அண்ணன் இளவரசன் டிராக்டரில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க டாக்டரம்மா," என்றான். "என் பேருல கொறட்டைக்கு மூணு, முடி கொட்டறதுக்கு அஞ்சு. ஏண்டி, அம்மாம் மோசமாவா கீது?"

எனக்குப் புரியவில்லை. போனைத் திருப்பிக் காட்டினான். ஐந்து பெயர்களும் வரிசையாக நின்றன.

"எல்லாருக்கும் ஒரு வியாதி வெச்சிருக்கிற. உனக்கும் ஒண்ணு கீது பாரு. 'கூட்டத்தின் முன் கை நடுங்காமல் பேசுவது எப்படி.' வூட்ல உன்ன வுட்டா நாலு பேருதான இருக்கறோம், கூட்டம் எங்கடி கீது?"

முகம் சுட்டது. அவனைத் தாண்டி உள்ளே ஓடினேன். நெய் வாசனை அடித்தது.

அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். பண்டிகை இல்லாத நாளில் எங்கள் வீட்டில் கேசரி கிடையாது. சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒக்காருன்னு சொன்னேன்ல," என்றாள் அம்மா.

"கொடத்த எடுத்து உள்ள வெக்கறேன் அத்த."

"கொடத்தத் தொட்டே, கைய ஒடைப்பேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ரேஷன் கடையிலிருந்து வந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்பதுபோல அண்ணி என்னைப் பார்த்தாள்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பின்வாசலுக்கு இழுத்துப் போனாள். கண் பளபளவென்றிருந்தது.

"உன்கிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட சொல்லல பாரு, கள்ளி."

"இன்னாத்தம்மா?"

அம்மா தன் போனை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அண்ணி இல்லாததால் அப்பாவுக்காக அவளே இணைப்பைத் திறந்திருக்கிறாள். பூச்சியைத் தேடி, வழியில் 'அண்ணி' என்ற பெயரைத் தொட்டிருக்கிறாள். சின்னத் திரையில் தலைப்புகள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன.

'குமட்டலும் வாந்தியும் வராமல்…'

'பெண்களிடம் ரத்த சோகை, கவனிக்க…'

'காலையில் வெறும் வயிற்றுடன்…'

"கல்யாணமாயி ரெண்டு வருசம் ஆச்சு. நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருப்பனா? கேக்கல. சங்கராபுரத்துல உன் சித்திகிட்ட மட்டும்தான் சொன்னேன். அழுவுறா அவ."

அந்தக் கட்டுரைகள் எதற்கு என்று எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணி லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் திருக்கோவிலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கல்வராயன் மலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒப்பந்த வேலை வந்திருந்தது. விண்ணப்பித்துவிட்டாள். வியாழக்கிழமை கலெக்டர் ஆபீசில் இண்டர்வியூ. கிடைத்தால் சொல்லலாம், கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம் என்பது அவள் முடிவு. அண்ணனிடமும் சொல்லவில்லை. அவனிடம் சொன்னால் அது அம்மா காதில் சொன்ன மாதிரி.

அவளுக்கு இருந்த பயம் மலை ரோடுதான். கல்யாணமான புதிதில் கரியாலூர் அருவி பார்க்கப் போனபோது ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். தினமும் எப்படி ஏறி இறங்குவது என்று என்னிடம் கேட்டாள். அதையும் வேலைக்கு வேண்டியதையும்தான் நான் தேடிச் சேமித்தேன்.

அம்மா ஒரு கிண்ணத்தில் கேசரியோடு அண்ணி முன்னால் போய் நின்றாள். "வாயத் தொற."

அண்ணி திறந்தாள்.

"எத்தன நாளு தள்ளிப் போயிருக்குது?"

கேசரி வாயில் இருந்ததால் அண்ணியால் பேச முடியவில்லை. அம்மாவையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை.

"மா," என்றேன். "அந்தத் தலைப்பத் தொடு. முழுசாப் படி."

அம்மா தொட்டாள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். "குமட்டலும் வாந்தியும் வராமல்... மலைப்பாதையில்... பயணம் செய்ய." நிமிர்ந்தாள். "மலைக்கு யாரு போறது?"

அண்ணி விழுங்கினாள். பிறகு சொன்னாள். வேலை, வியாழக்கிழமை, எல்லாவற்றையும். பஸ் நேரத்தைக்கூடச் சொன்னாள். அண்ணன் எப்போது வந்து வாசலில் நின்றான் என்று தெரியவில்லை.

"என்கிட்ட சொல்லவே இல்லியே செல்வி," என்றான். கேலி எதுவும் அவன் குரலில் இல்லை.

அம்மா கிண்ணத்தை அடுப்பு மேடையில் வைத்தாள். "சங்கராபுரத்துக்குச் சொல்லிட்டனே," என்றாள், யாரிடமும் இல்லாமல். பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

"நான் போவல," என்றாள் அண்ணி. முந்தானையால் வாயைத் துடைத்தாள், பிறகு கண்ணை. "ஒண்ணும் வேணாம். இண்டர்வியூக்கும் போவல. வுட்டுடுங்க."

போனைத் திறந்து இணைப்பை நீக்கினேன். குழுவில் 'மன்னிக்கவும்' என்று எழுதி, அதையும் அழித்தேன். அடுத்த அறையில் அண்ணி இருந்தாள். போய்ச் சொல்ல முடியவில்லை. கதவருகே நின்றேன். அவளே, "நீ ஏன் நிக்கற, உள்ள வா," என்றாள். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன்மேல கோவம் இல்ல," என்றாள். "அத்த மூஞ்சியப் பாத்தியா? அத்தினி சந்தோசமா நான் பாத்ததே இல்ல. நான் கெடுத்துட்டேன்." இண்டர்வியூவுக்கு எடுத்து வைத்திருந்த நீலப் புடவையை மடித்து பீரோவின் அடியில் வைத்தாள்.

வெயில் இறங்கியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அவ பேருல இருக்கறத எல்லாம் படி. பாதில நிக்காம."

"இணைப்ப எடுத்துட்டேன்மா."

"லேப்டாப்பு இருக்குதில்ல? எடுத்துக்கினு வா."

படித்தேன். சத்தமாக. முதலில் பயணக் கட்டுரை. முன்பக்க இருக்கை, தூரத்தில் பார்வை, வெறும் வயிற்றோடு ஏறாமல் இருப்பது. அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்தது ரத்த சோகை. மலையில் சிலருக்கு ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் நோய் இருக்கலாம் என்றும், பரிசோதித்துத்தான் அறிய முடியும் என்றும் அதில் இருந்தது.

"ரத்தத்துல அருவாளா?"

"அந்த மாதிரி வளைஞ்சிருக்கும்மா. வட்டமா இருக்க வேண்டியது."

"இத அவ பாத்துச் சொல்லுவாளா?"

"மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. படிச்சிருக்காங்க இல்ல."

"நம்ம வூட்ல அவ கொழம்புல உப்ப மட்டும்தான் பாத்துச் சொல்றா," என்றாள் அம்மா. சிரிக்கவில்லை. "அப்பறம்?"

மீதியையும் படித்தேன். இண்டர்வியூவில் கேட்கும் கேள்விகள், ஒப்பந்த வேலையின் விதிகள், கடைசியில் காலைச் சாப்பாடு பற்றி ஒன்று. முடிந்தது.

"கொழந்தையப் பத்தி ஒண்ணும் போட்டு வெக்கலியா?"

"அண்ணி அதக் கேக்கலம்மா."

அம்மாவின் கை நின்றது. உருவிய காம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேற்கே மலை கறுத்துக்கொண்டிருந்தது.

"என் பேருல இன்னா கீது?"

நான் தயங்கினேன். "மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் திடீர் வியர்வையும் கோபமும்."

"கோவமா? யாருக்குடி கோவம்?"

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "வேர்க்கறது உனக்கு எப்பிடித் தெரியும்? நான் யாருக்கும் சொல்லலியே."

"ஃபேனுக்கு நேரா வந்து வந்து நிப்பியே."

"ம்," என்றாள். கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அப்பா காட்டிலிருந்து வந்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. இணைப்பு இருந்தபோதே அண்ணன் அவருக்குப் பூச்சிக் கட்டுரையை மட்டும் படித்துக் காட்டியிருந்தான்.

"மருந்து வேணாமாம், மாவுப்பூச்சிய அழிக்கற குளவிய வுடணுமாம்," என்றார் அப்பா. "குளவிய எந்தக் கடையில கேக்கறது? இலக்கியா, அத எங்க தராங்கன்னும் பாரு." தலையாட்டினேன். "இன்னா, யாரும் பேச மாட்டேங்கறீங்க?"

அண்ணி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே திரும்பினாள்.

"செல்வி, நில்லு," என்றாள் அம்மா. "மலைக்கு பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

அண்ணி நின்றாள். "ஏழே காலு அத்த. கச்சிராயபாளையம் வழியா போவும்."

"திரும்பி?"

"ஆறு மணிக்குள்ள வந்துடலாம்."

"ஏழே காலு வண்டிக்கு யாரு சமைப்பா?"

"நான் அஞ்சுக்கே எழுந்து..."

"நான் அத கேக்கல. ஆறரைக்குள்ள ரெண்டு இட்லி உன் வவுத்துல எறங்கணும். வெறும் வவுத்தோட ஏறினா அந்த வளைவுல கொடல் வெளிய வந்துடும்." அண்ணனைப் பார்த்தாள். "வியாழக்கெழம டிராக்டர் வாடகைக்குப் போவாத. கலெக்டர் ஆபீசுக்கு இவளக் கூட்டிக்கினு போ."

"எதுக்கு கலெக்டர் ஆபீசு?" என்றார் அப்பா.

"நீங்க சாப்பிடுங்க, நான் சொல்றேன்."

அண்ணன், "சரிம்மா," என்றான். பிறகு அண்ணியிடம் மெதுவாக, "என்கிட்டயும் சொல்லியிருக்கலாம்," என்றான். அண்ணி அவன் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எண்ணை அழுத்திவிட்டு, வெட்டிவிட்டு, மறுபடி அழுத்தினாள். சித்தியின் குரல் இங்கே வரைக்கும் கேட்டது. ஏதோ நாட்டு மருந்து, ஏதோ கோயில் என்று வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணி கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

"நில்லுடி, நான் சொல்றதக் கேளு," என்றாள் அம்மா. "அது இல்ல. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். செல்விக்கு மலை மேல வேல வந்திருக்குது. ரத்தம் பாக்கற வேல."

சித்தி ஏதோ கேட்டாள்.

"அது வரும்போது வரும்டி," என்றாள். "இது வியாழக்கெழம."